ஹொக்கைடோ உயிரியல் பூங்காக்களும் மீன்காட்சியகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவுக்குக் குடும்பத்துடன் செல்லத் திட்டமிடுபவர்கள் ஒரே மாதிரியான சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கொடுத்துள்ளேன். நுழைவுக் கட்டணங்கள் பெரும்பாலும் புதிய நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் மாறக்கூடியவை என்பதால் அவற்றைக் குறிப்பிடவில்லை. புறப்படுவதற்கு முன் அந்தந்தப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஹொக்கைடோவில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை? எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாமா?

முடியாது, அப்படி முயலவும் வேண்டாம். ஹொக்கைடோ சுமார் 78,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. ஜப்பானின் மொத்த நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். வரைபடத்தில் அருகருகே தெரியும் இரண்டு ஊர்களுக்கு இடையே விரைவு ரயிலிலேயே நான்கு மணி நேரம் ஆகலாம்.

நடுவில் அசாஹிகாவாவில் அசாஹியாமா உயிரியல் பூங்கா. சப்போரோவில் மாருயாமா உயிரியல் பூங்காவும் ஆவோஆவோ மீன்காட்சியகமும். மேற்கே ஒடாரு மீன்காட்சியகம். தெற்கே நொபொரிபெட்சுவில் நிக்ஸே கடல் பூங்காவும் கரடிப் பண்ணையும். விமான நிலையத்துக்கு அருகே சிட்டோசே மீன்காட்சியகம். கிழக்கே குஷிரோ உயிரியல் பூங்காவும் கிட்டாமியின் மலை மீன்காட்சியகமும் உள்ளன. ஒரு வாரப் பயணத்தில் இவற்றுள் மூன்றை நிதானமாகப் பார்ப்பது, ஆறை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட மேலானது.

எந்த மாதத்தில் போவது நல்லது?

முதலில் பருவத்தை முடிவு செய்யுங்கள், பிறகுதான் இடத்தை. பனியில் நடக்கும் பெங்குயின்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி. திறந்த கடலோரத்தில் கடற்சிங்கங்களைப் பார்க்க வேண்டுமென்றால் கோடை. ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீன்களைப் பார்க்க வேண்டுமென்றால் இலையுதிர்காலம். இவை மூன்றும் ஒரே பயணத்தில் கிடைக்காது.

பலர் கோட்டை விடுவது இடைக்காலங்களில்தான். அசாஹியாமா ஏப்ரலில் சில வாரங்களும் நவம்பர் முதல் பாதியில் சில நாட்களும் கோடை, குளிர்கால மாற்றத்துக்காக மூடப்படுகிறது; ஆண்டிறுதியிலும் திறப்பதில்லை. ஒடாரு மீன்காட்சியகம் குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். மாருயாமாவுக்கு மாதத்தின் இரண்டாம், நான்காம் புதன்கிழமைகள் வழக்கமான விடுமுறை. ஆகவே ஏப்ரலிலோ நவம்பரிலோ விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகவே பதிவு செய்துவிட்டு, பிறகு நாட்காட்டியைப் பார்க்காதீர்கள்.

சப்போரோவில் தங்கிக்கொண்டு அசாஹியாமாவுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும். சப்போரோவிலிருந்து அசாஹிகாவாவுக்கு லைலாக், கமுய் என்ற விரைவு ரயில்கள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் செல்கின்றன. அசாஹிகாவா ரயில் நிலையத்தின் முன்னாலிருந்து பூங்காவுக்கு நகரப் பேருந்து உண்டு. அதற்குச் சுமார் நாற்பது நிமிடம். பனி கனமாகப் பெய்யும் நாளில் இன்னும் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் பூங்கா காலை 9.30 முதல் மாலை 5.15 வரை திறந்திருக்கும் என்பதால் அவசரமில்லை. குளிர்காலத்தில் திறப்பதே காலை 10.30க்கு, மாலை 3.30க்கு மூடிவிடுவார்கள். ஐந்து மணி நேரம்தான் கையில் இருக்கும். ஆதலால் குளிர்காலத்தில் எட்டு மணிக்கெல்லாம் ரயில் ஏறியிருக்க வேண்டும், அல்லது முந்தைய இரவே அசாஹிகாவாவில் தங்கிவிட வேண்டும். சிறு குழந்தைகள் இருந்தால் இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன்.

அசாஹியாமாவைப் பற்றி எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

அரிய விலங்குகள் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. சிறப்பெல்லாம் அவற்றைக் காட்டும் முறையில் இருக்கிறது. அசாஹிகாவா நகராட்சி 1967இல் தொடங்கிய இந்தப் பூங்கா, தொண்ணூறுகளில் மூடப்படும் நிலைக்குப் போனது. 1994இல் எகினோகாக்கஸ் என்ற ஒட்டுண்ணி நோயால் கொரில்லா உள்ளிட்ட விலங்குகள் இறந்ததால், பருவம் முடியும் முன்பே பூங்காவை மூட வேண்டியிருந்தது. 1996இல் ஆண்டு வருகை சுமார் இரண்டரை லட்சம் என்ற அளவுக்குச் சரிந்தது. அப்போது இயக்குநராக இருந்தவர் மசாவோ கொசுகே என்ற கால்நடை மருத்துவர். அவரும் பணியாளர்களும், விலங்கு அதன் இயல்பான செயலைச் செய்யும்போது பார்வையாளர் அதைப் பார்க்கும்படியாகக் கூடங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கட்டினார்கள். 2006 நிதியாண்டில் வருகை முப்பது லட்சத்தைத் தாண்டியது.

சீல் கூடத்தில் செங்குத்தான ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. சீல் செங்குத்தாக நீந்தும் பழக்கமுடையது என்பதால், அந்தக் குழாய்க்குள் மேலும் கீழுமாகச் சென்றுகொண்டிருக்கும். நடுவில் நின்று நம்மைப் பார்த்துவிட்டும் போகும். பெங்குயின் கூடத்தில் நீருக்கடியிலான சுரங்கத்தில் நாம் நடக்க, பெங்குயின்கள் தலைக்கு மேலே பறப்பதுபோல் விரைகின்றன. பனிக்கரடிக் கூடத்தில் தரையிலிருந்து எழும் ஒரு கண்ணாடிக் கும்மட்டத்துக்குள் தலையை நீட்டினால், பனித்துளையிலிருந்து எட்டிப் பார்க்கும் சீலின் கண்ணுக்குக் கரடி எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். ஒராங்குட்டான்கள் 17 மீட்டர் உயரத்தில் கம்பியைப் பற்றிக்கொண்டு நம் தலைக்கு மேலே கடந்து செல்கின்றன.

கூண்டுகளின் முன்னால் பராமரிப்பாளர்களே கையால் எழுதி, படம் வரைந்து வைத்திருக்கும் பலகைகளையும் தவறவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டினால் ஓரளவு புரியும். ஒரு விலங்கு இறந்தால் அதையும் மறைப்பதில்லை. ‘துக்கத்தில் இருக்கிறோம்’ என்று கூண்டின் முன்பே அறிவிப்பு வைக்கிறார்கள். எனக்கு இந்தப் பூங்காவின் மீது மதிப்பு வந்ததற்குக் கண்ணாடிக் குழாயைவிட அந்த அறிவிப்புப் பலகைதான் காரணம்.

பெங்குயின் நடை எப்போது நடக்கிறது? முன்வரிசையில் இடம் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

பனி போதுமான அளவு படிந்த பிறகு, வழக்கமாக டிசம்பர் பின்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நடக்கிறது. காலை 11 மணிக்கும் பிற்பகல் 2.30 மணிக்கும் என இரண்டு முறை. மார்ச்சில் காலை மட்டும். ராஜ பெங்குயின்கள் ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவுக்குப் பூங்காவின் பாதையில் நடந்து திரும்புகின்றன. குளிர்காலத்தில் அவற்றுக்கு உடற்பயிற்சி குறைந்து எடை கூடிவிடுவதைத் தடுக்கவே இது தொடங்கப்பட்டது. பனி குறைந்தாலோ காற்று கடுமையாக இருந்தாலோ ரத்தாகும்.

இது வித்தை காட்டும் நிகழ்ச்சியன்று. பெங்குயின்களைக் கயிறு கட்டி இழுப்பதில்லை, விரட்டுவதுமில்லை. வர விரும்பாதது கூண்டிலேயே இருந்துகொள்ளலாம். நடுவழியில் ஒன்று நின்று இறக்கையை விரித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தால், பின்னால் வருபவையும் காத்திருக்கும். நாமும் காத்திருக்க வேண்டியதுதான். பனியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டிக் காலையோ கையையோ கேமராவையோ நீட்டக் கூடாது. ஃபிளாஷ் வெளிச்சமும் தன்படக் கோலும் கூடாது. பெங்குயின் தானாகவே கோட்டைத் தாண்டி நம் அருகில் வந்தாலும் தொடக் கூடாது.

முன்வரிசைக்கு அரை மணி நேரம் முன்பே நின்றுவிடுங்கள். பாதையின் தொடக்கத்தில்தான் நெரிசல் மிகுதி. திரும்பும் முனையை நோக்கிச் சற்று நடந்தால் கூட்டம் குறையும். முன்னால் இருப்பவர்கள் குந்தி உட்கார வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம்.

அவ்வளவு குளிரை எங்களால் தாங்க முடியுமா? வயதான பெற்றோரும் கைக்குழந்தையும் உடன் வருகிறார்கள்.

அசாஹிகாவா சாதாரணக் குளிர் ஊர் அன்று. ஜப்பானில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 41 டிகிரி, 1902 ஜனவரி 25 அன்று அங்கேதான் பதிவானது. இன்றும் ஜனவரியில் மைனஸ் பத்துக்குக் கீழே இறங்குவது வியப்பில்லை. ஆனால் பெரும்பாலான கூடங்களுக்குள் வெப்பமூட்டி இருப்பதால், இருபது நிமிடம் வெளியே, இருபது நிமிடம் உள்ளே என்று மாறி மாறிச் சென்றால் சமாளிக்கலாம். பெரிய கோட் ஒன்றை நம்புவதைவிட, உள்ளே மெல்லிய ஆடைகளை அடுக்காக அணிந்து காது, கழுத்து, விரல் நுனி ஆகியவற்றை மூடுவது முக்கியம்.

குளிரைவிடப் பெரிய ஆபத்து வழுக்கல். பூங்கா மலைச்சரிவில் இருக்கிறது. மிதிபட்டு இறுகிய பனியில் சாதாரண விளையாட்டுக் காலணி பிடிமானம் தராது. காலணியின் மேல் மாட்டிக்கொள்ளும் முள்பட்டைகள் ஹொக்கைடோவில் பரவலாகக் கிடைக்கும். முதல் நாளே வாங்கிவிடுங்கள். கைக்குழந்தை வண்டியின் சக்கரம் பனியில் புதைந்துவிடும். குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பையே வசதி. மூட்டு வலி உள்ள பெற்றோருக்குக் குளிர்கால அசாஹியாமாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு நொபொரிபெட்சுவின் நிக்ஸே பொருத்தம். கீழே அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

டிக்கெட்டை முன்பதிவு செய்ய வேண்டுமா?

பொதுவாகத் தேவையில்லை, வாயிலிலேயே வாங்கலாம். பேருந்துக்காகக் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.

நாங்கள் சைவம். பூங்காவுக்குள் சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

உருளைக்கிழங்கு வறுவல், ஐஸ்கிரீம், பால் ஆகியவற்றுக்குக் குறைவில்லை. ஹொக்கைடோவின் பால் பொருட்கள் உண்மையிலேயே சிறந்தவை. ஆனால் வயிறு நிறையச் சாப்பிடுவது கடினம். காய்கறி மட்டும் போட்ட உடோன் நூடுல்ஸ் என்று தோன்றுவதிலும் அடிச்சாறு பெரும்பாலும் சூரை மீனை உலர்த்திச் சீவி எடுத்ததாக இருக்கும். சப்போரோவின் புகழ்பெற்ற சூப் கறியில் காய்கறி வகை உண்டு, ஆனால் அதன் சாறு வழக்கமாகக் கோழி எலும்பில் காய்ச்சப்படுவது.

கண்டிப்பான சைவர்கள் தங்குமிடத்திலிருந்தே சப்பாத்தியோ புளிசாதமோ கட்டிக்கொண்டு போவது நிம்மதி. மைனஸ் பத்தில் திறந்த வெளியில் வைத்துச் சாப்பிட முடியாது, ஓய்வுக்கூடங்களைப் பயன்படுத்துங்கள்.

சப்போரோவுக்குள்ளேயே மாருயாமா இருக்கிறதே, அதுவே போதாதா?

அரை நாள்தான் இருக்கிறது என்றால் போதும். டோசாய் சுரங்கப்பாதை ரயிலில் மாருயாமா-கோயென் நிலையத்தில் இறங்கி, மரங்களுக்கு நடுவே பதினைந்து நிமிடம் நடந்தால் பூங்கா வந்துவிடும். 1951இல் குழந்தைகள் தினமான மே 5 அன்று திறக்கப்பட்டது. அசாஹியாமாவுக்குப் பழைய கதையின் ஈர்ப்பு உண்டென்றால், மாருயாமாவுக்கு அண்மைக்காலத்துக் கட்டடங்களின் பலம் உண்டு. 2018இல் திறந்த பனிக்கரடிக் கூடத்தில் நீருக்கடிச் சுரங்கம் இருக்கிறது. அதே ஆண்டு மியான்மரிலிருந்து நான்கு ஆசிய யானைகள் வந்தன. மறு ஆண்டு முதல் மக்கள் பார்வைக்கு விடப்பட்டன. 2023 ஆகஸ்டில் அவற்றுக்கு ஒரு பெண் குட்டி பிறந்தது.

யானைக் கூடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். கடுங்குளிரில் யானை வெளியே போக முடியாத நாட்கள் இருப்பதால், உள்ளேயே மணல் தரையும் குளிக்கும் குளமும் அமைத்திருக்கிறார்கள். பராமரிப்பாளர் யானையின் இடத்துக்குள் நுழைவதில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றபடியே காலைத் தூக்கச் சொல்லி நகத்தைப் பராமரிக்கிறார். அங்குசத்தோடு யானை மேல் பாகன் அமர்ந்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முற்றிலும் வேறான காட்சி.

ஒடாரு மீன்காட்சியகம் மிகப் பழையது என்கிறார்களே, போகலாமா?

பழையதுதான், இப்போதைய முதன்மைக் கட்டடம் 1974இல் கட்டப்பட்டது. பளபளப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் ஹொக்கைடோவில் எனக்கு மிகவும் பிடித்த மீன்காட்சியகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காரணம் அதன் கீழே கடலோரத்தில் இருக்கும் கடல்விலங்குப் பூங்கா. கடலின் ஓரத்தையே வளைத்துத் தடுத்து அமைத்த குளங்களில் சீல்களும் ஸ்டெல்லர் கடற்சிங்கங்களும் உண்மையான கடல்நீரில் இருக்கின்றன. ஆண் ஸ்டெல்லர் கடற்சிங்கம் ஒரு டன் வரை எடை போடக்கூடியது. அப்படிப்பட்ட ஒன்று உயரமான மேடையிலிருந்து நீரில் குதித்தால் சத்தம் நெஞ்சில் அதிரும்.

அங்குள்ள பெங்குயின் நிகழ்ச்சி, பெங்குயின்கள் சொன்ன எதையும் செய்யாததற்காகவே பெயர் பெற்றது. பராமரிப்பாளர் தாண்டச் சொல்வார். பெங்குயின் சுற்றிக்கொண்டு போகும். அவரும் அதையே நகைச்சுவையாக்கிக்கொண்டு நிகழ்ச்சியை நடத்துவார். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடலோரப் பகுதி குளிர்காலத்தில் மூடப்படும் என்பதையும், அங்கே இறங்கும் பாதை செங்குத்தானது என்பதையும் நினைவில் வையுங்கள். குளிர்காலத்தில் கட்டடத்தையும் ஜென்டூ பெங்குயின்களின் பனி நடையையும் மட்டும் பார்க்கலாம். ஒடாரு நிலையத்திலிருந்து பேருந்தில் சுமார் 25 நிமிடம்.

நொபொரிபெட்சுவில் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறோம். அங்கே இருக்கும் இரண்டில் எதைப் பார்க்கலாம்?

நிக்ஸே 1990இல் திறக்கப்பட்ட கடல் பூங்கா. டென்மார்க்கின் எகெஸ்கோவ் கோட்டையை மாதிரியாகக் கொண்ட கட்டடத்துக்குள் மீன் தொட்டிகளை அமைத்திருக்கிறார்கள். ஜப்பானில் டென்மார்க் கோட்டை எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. ஆனால் குழந்தைகள் அப்படிக் கேட்பதில்லை. பெங்குயின் அணிவகுப்பு இங்கே ஆண்டு முழுவதும் உண்டு. பரப்பு சிறியது, ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ஆகவே முதியவர்களுக்கும் கோடையில் வருபவர்களுக்கும் அசாஹியாமா நடைக்கு நல்ல மாற்று.

கரடிப் பண்ணை ஊற்றுகள் இருக்கும் பகுதியிலிருந்து கம்பிவட வண்டியில் ஏறிச் செல்லும் மலையுச்சியில் இருக்கிறது, 1958இல் தொடங்கியது. ஹொக்கைடோவின் பழுப்புக்கரடிகள் கையை உயர்த்தித் தீனி கேட்பதை அங்கே காணலாம். மனிதர்கள் கூண்டுக்குள் நிற்க, கரடிகள் வெளியிலிருந்து பார்க்கும் ஓர் அறையும் உண்டு. கான்கிரீட் தளத்தில் பல கரடிகள் ஒன்றாக இருப்பதும் பார்வையாளர் தீனி வீசுவதும் பழைய காலத்துக் காட்சிமுறை. அசாஹியாமாவைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் மனம் ஒப்பாமல் போகலாம். உச்சியிலிருந்து தெரியும் குத்தாரா ஏரி அழகானது.

ஆறு உறைந்திருக்க, அடியில் மீனைப் பார்க்கலாம் என்கிறார்களே, அது எங்கே?

கிட்டாமி நகரைச் சேர்ந்த ஒன்னெயூ வெந்நீர் ஊற்றுப் பகுதியில். 2012 ஜூலையில் புதுப்பித்துத் திறக்கப்பட்ட சிறிய மீன்காட்சியகம் அது. கடலிலிருந்து தொலைவில், மலைகளுக்கு நடுவே, பெரிய நிதியில்லாத ஓர் ஊர் என்ன செய்யும்? அந்தக் கடுங்குளிரையே காட்சிப்பொருளாக்கிவிட்டார்கள். வெளியே அமைந்த ஆற்றுத் தொட்டியின் மேற்பரப்பு குளிர்காலத்தில் உறைந்துபோகும். நாம் உள்ளே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, பனிக்கட்டிக் கூரைக்குக் கீழே மீன்கள் அடியில் அசைவின்றி நிற்பதைப் பார்க்கிறோம். இப்படிப்பட்ட தொட்டி உலகிலேயே முதலாவது என்று இதைச் சொல்கிறார்கள். அருவி விழும் மடுவை அடியிலிருந்து பார்க்கும் தொட்டியும், ஒரு மீட்டர் நீளமுள்ள ஈட்டோ என்ற பெரிய நன்னீர் மீன்கள் நீந்தும் தொட்டியும் இருக்கின்றன.

இதற்காக மட்டும் சப்போரோவிலிருந்து போய்வருவது, மீன்களில் தனி ஆர்வம் இல்லாதவர்களுக்கு வீண் அலைச்சல். கிழக்கு ஹொக்கைடோவில் மிதக்கும் பனிக்கட்டிகளைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் மொன்பெட்சு ஊரிலுள்ள சீல் பாதுகாப்பு மையத்தையும் பார்க்கலாம்; காயம்பட்ட சீல்களை மீட்டுப் பராமரிக்கும் இடம் அது.

திரும்பும் நாளில் விமானத்துக்கு முன் நான்கைந்து மணி நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

சிட்டோசே மீன்காட்சியகத்துக்குப் போங்கள். விமான நிலையத்துக்கு அருகிலுள்ள சிட்டோசே ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. சிட்டோசே ஆற்றின் கரையோடு ஒட்டி, நீர்மட்டத்துக்குக் கீழே கண்ணாடி பதித்த ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். தொட்டியைக் காட்டும் சன்னல் அன்று. வெளியே ஓடுவது உண்மையான ஆறு. செப்டம்பர் முதல் இலையுதிர்கால முடிவு வரை கடலிலிருந்து திரும்பும் சால்மன்கள் அந்தச் சன்னலைக் கடந்து எதிர்நீச்சலிட்டுப் போகின்றன. வேறு மாதங்களில் வேறு ஆற்று மீன்கள் வரும். எதுவும் வராமல் நீர் மட்டும் ஓடும் நேரமும் உண்டு.

மாறாக, சப்போரோவில் மாலைப் பொழுது மிஞ்சினால் ஆவோஆவோ. 2023 ஜூலையில் நகர மையத்தில் ஒரு வணிகக் கட்டடத்தின் நான்கு முதல் ஆறு வரையிலான தளங்களில் திறக்கப்பட்டது, இரவிலும் திறந்திருக்கும்.

குஷிரோ வரை போவது தகுமா?

பூங்காவுக்காக மட்டும் என்றால் இல்லை. சப்போரோவிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரத்துக்கும் மேல். ஆனால் குஷிரோவின் சதுப்புநிலமும் செந்தலைக் கொக்குகளும் உங்கள் பட்டியலில் இருந்தால் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அற்றுப்போனதாக நினைக்கப்பட்ட இந்தக் கொக்குகள் 1924இல் அந்தச் சதுப்புநிலத்தில் மீண்டும் கண்டறியப்பட்டன. 1958இல் தொடங்கிய கொக்குப் பூங்காவில் 1970இல் செயற்கை முறையில் முட்டை பொரிக்க வைத்தார்கள்.

குஷிரோ உயிரியல் பூங்கா பரப்பளவில் ஹொக்கைடோவிலேயே பெரியது. ஆண் என்று நம்பி, ட்சுயோஷி என்ற ஆண்பெயர் வைத்து, இணை சேரும் என்று காத்திருந்த பனிக்கரடி பெண் என்று 2008இல் தெரியவந்தது இங்கேதான். அடர்ந்த ரோமத்தால் இளம் பனிக்கரடி ஆணா பெண்ணா என்று வெளியிலிருந்து அறிவது அவ்வளவு எளிதன்று.

பாண்டாவும் திமிங்கலச் சுறாவும் உண்டா?

ஹொக்கைடோவில் இரண்டும் இல்லை. திமிங்கலச் சுறாவுக்கு ஒசாகாவின் கையூகானுக்கோ ஒக்கினாவாவின் சுராஉமிக்கோ போக வேண்டும்.

டால்பின் காட்சிகளைப் பார்ப்பது சரியா என்று மனம் உறுத்துகிறது. என்ன சொல்கிறீர்கள்?

உறுத்தல் நியாயமானது. தைஜி என்ற ஊரில் டால்பின்களை வளைத்து விரட்டிப் பிடிக்கும் வேட்டையில் கிடைத்தவற்றை ஜப்பானிய மீன்காட்சியகங்கள் வாங்கிவந்தன. இதற்காக உலக உயிரியல் பூங்காக்கள் சங்கம் 2015இல் ஜப்பானியச் சங்கத்தின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. அதன் பிறகு, அந்த வழியில் டால்பின்களைப் பெறுவதில்லை என்று ஜப்பானியச் சங்கம் முடிவெடுத்தது. சங்கத்தில் சேராத காட்சியகங்களை இது கட்டுப்படுத்தாது. ஏற்கெனவே பிடிபட்ட டால்பின்களும் இன்னும் தொட்டிகளில் இருக்கின்றன. உறுத்தல் இருப்பவர்கள் அந்த அரை மணி நேரம் வேறு பகுதியைப் பார்க்கலாம்.

சட்டத்தின் பக்கம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2015இல் மாருயாமாவில் ஒரு மலாய்க் கரடி, மற்றொரு கரடியோடு பழக்கும்போது தாக்கப்பட்டு இறந்தது. மாநகராட்சியின் மீது கடும் விமர்சனம் எழுந்தது. 2022இல் சப்போரோ நகரம், விலங்கு நலனை முன்னிறுத்தும் உயிரியல் பூங்காச் சட்டவிதி ஒன்றை இயற்றியது. ஜப்பானில் அத்தகைய விதி அதுவே முதலாவது.

பூங்காவுக்குப் போகும் வழியில் சாலையோரத்தில் நரி வந்தால் குழந்தைகள் தீனி போடலாமா?

கூடவே கூடாது. அசாஹியாமாவை 1994இல் மூடவைத்ததாக மேலே குறிப்பிட்ட அதே எகினோகாக்கஸ் ஒட்டுண்ணி ஹொக்கைடோவின் நரிகளிடம் பரவலாக உள்ளது. நரியின் கழிவில் வெளியேறும் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் மனிதர் வாய்க்குள் போனால், பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் பாதிக்கப்படலாம். நரியைத் தொடாதீர்கள், தீனி போட்டு அருகில் வரப் பழக்காதீர்கள், ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள், காட்டுப்பகுதியில் நடந்துவிட்டு வந்தால் சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வாகனத்துக்குள் இருந்தபடி படம் எடுப்பதில் தவறில்லை.